ஷட்டரைத் திறக்காத மணி நேரங்கள்

“அணையிலிருந்து எந்த நேரமும் உபரிநீர் திறந்துவிடப்படலாம். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வரி சுற்றிக்கொண்டே இருக்கும். எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு, நம் ஊர்ப் பாலத்துக்கு எப்போது வந்து சேரும் என்ற மூன்றும் அதில் இருக்காது. அதனால்தான் நான்காவது முறை அது வரும்போது யாரும் பாயைச் சுருட்டுவதில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊர் கேட்கிற கேள்வி, “ஏன் திறந்தார்கள்?” என்பது. அதற்குப் பதில் மிகச் சுலபம். நிரம்பிய அணைக்கு வரும் நீரை அப்படியே விட்டாக வேண்டும். விடாவிட்டால் அணைக்கே ஆபத்து. பொறியாளர் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார், அவர் சொல்வது உண்மையும்கூட. கேட்க வேண்டியது அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி. நீர்வரத்து ஏறிக்கொண்டிருந்தபோது ஷட்டர் எவ்வளவு திறந்திருந்தது? இதைக் கேட்கக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

விநாடிக்கு ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும். இப்போது ஓர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். வரத்து விநாடிக்கு 40,000 கன அடி, வெளியேற்றம் 5,000. பத்து மணி நேரம் இப்படியே போனால் அணைக்குள் 1.26 டிஎம்சி சேர்ந்திருக்கும். மீதமிருந்த காலி இடம் அதோடு தீர்ந்துவிடும். பிறகு மலையில் கொட்டியது வந்து சேரும்போது வருவதெல்லாம் வெளியே. அதே பத்து மணி நேரத்தில் 5,000-க்குப் பதில் 25,000 விட்டிருந்தால்? கூடுதலாக 0.72 டிஎம்சி இடம் கிடைத்திருக்கும். உச்ச வெள்ளம் வரும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு 50,000 கன அடியைப் பிடித்து வைக்க அந்த இடம் போதும். தரைப்பாலம் மட்டும் மூழ்குவதற்கும் காலனித் தெரு முழுகுவதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும், அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி போனது. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7.32 டிஎம்சி. 1.68 லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 14.5 டிஎம்சி. அதாவது அணை அடிவரை காலியாக இருந்திருந்தாலும் அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். ஆகவே “அணையை ஒழுங்காகக் கையாண்டிருந்தால் வெள்ளமே வந்திருக்காது” என்று கிளம்பினால் முதல் கூட்டத்திலேயே தோற்றுவிடுவோம். எவ்வளவு குறைத்திருக்கலாம், எத்தனை மணி நேரம் முன்னால் சொல்லியிருக்கலாம் என்ற இரண்டைப் பிடித்துக்கொண்டால் யாராலும் தட்ட முடியாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்களே, அதை மனிதர்களால் உண்டான பேரிடர் என்று சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தன் அறிக்கையில் எழுதியது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. தணிக்கைக்காரர்களிடம் கோபம் எதுவும் இல்லை, பதிவேடுதான் இருந்தது.

பொறியாளர்கள் ஏன் முன்கூட்டித் திறப்பதில்லை? சோம்பல் காரணமில்லை. இன்று திறந்துவிட்டு நாளை மழை பொய்த்தால், “தண்ணீரைக் கடலுக்கு விட்டவர்” என்று பெயர் வரும். குறுவைக்கும் குடிநீருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். திறக்காமல் வைத்து வெள்ளம் வந்தால் பழி வானத்தின் மேல். இந்த நிலையில் யாராக இருந்தாலும் தேக்கத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் எந்த மாதம் எந்த மட்டம் வரை நிறுத்தலாம் என்று ஓர் அட்டவணை வேண்டும். ரூல் கர்வ் என்பார்கள். அது எழுத்தில் இருந்தால் பொறியாளருக்கும் பாதுகாப்பு, ஊருக்கும் பாதுகாப்பு. உங்கள் அணைக்கு அது இருக்கிறதா என்று கேட்பது முதல் வேலை.

ஓர் அணைக்குத் தினசரி வெளியிடும் நான்கு எண்களை (மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம்) படிக்கும்போது ஒரு தவறு நடக்கும். மட்டத்தை இருப்பாக நினைத்துக்கொள்வது. அணை கிண்ணம் மாதிரி. மேலே போகப் போக அகலம். மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டிஎம்சி. 100 அடியில் சுமார் 65, 60 அடியில் சுமார் 25. பாதி உயரத்தில் கால் பங்குதான் தண்ணீர். அதனால் “இன்னும் இரண்டடி இருக்கிறது” என்ற பேச்சுக்கு ஒவ்வோர் அணையிலும் வேறு வேறு பொருள்.

எச்சரிக்கைக்கு வைகை நல்ல மாதிரி. முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையோரத்தில் இந்த எண்கள் பலருக்கு மனப்பாடம். எண் தெரிந்த ஊரில் வதந்தி கம்மி. உங்கள் அணையின் மூன்று எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

அதோடு நிற்காமல் கன அடியை உங்கள் தெருவாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்தின்போதும், “இத்தனை ஆயிரம் கன அடி, இத்தனை மணிக்குத் திறப்பு, நம் ஊருக்கு இத்தனை மணிக்கு வந்தது, இந்த இடம் வரை மூழ்கியது” என்று நான்கு கட்டத்தில் எழுதினால் போதும். மூன்று மழைக்காலத்தில் உங்கள் ஊருக்கென ஓர் அட்டவணை கிடைத்துவிடும். முதல் முறை எதுவும் தெரியாதபோது ஒரு தோராயம் உதவும். வெள்ள நீர் விநாடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு நாலு முதல் ஏழு கிலோமீட்டர். அணையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு ஆறு முதல் பத்து மணி நேரம். ராத்திரி 11 மணிக்குத் திறந்தால் விடியும் முன்பே வாசலுக்கு வந்துவிடலாம். நடுவில் காட்டாறு சேர்ந்தால் இந்தக் கணக்கு தப்பும். அந்தக் காட்டாற்றுக்கு அளவுகோல் கிடையாது. மேல் ஊரில் ஓர் ஆளைப் பழக்கம் பிடித்து வைத்திருப்பது ஒன்றே வழி.

செய்தி வரும் பாதையைப் பாருங்கள். செயற்பொறியாளர், ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர், கடைசியில் கோயில் மைக். எட்டுக் கை. ஒவ்வொரு கையிலும் இருபது நிமிடம் தங்கினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் போச்சு. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் படுத்துவிடும், அதன்பிறகு வாட்ஸ்அப்பை நம்ப முடியாது. பேட்டரியில் ஓடும் மைக் செட் ஒன்று ஊராட்சியில் இருக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு முறை போட்டுப் பார்க்கவும் வேண்டும். ஊரில் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வர வேண்டும்: எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து, என்ன வார்த்தையில் செய்தி வந்தது, யார் யாரிடம் சொன்னது. பின்னால் அலுவலகம் “முன்கூட்டியே எச்சரித்தோம்” என்று சொல்லும்போது அவர்களுடைய நேரத்தையும் உங்கள் நோட்டின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்தக் கையில் செய்தி தூங்கியது என்பது தானாகத் தெரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அணையைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் ஏரியைப் பற்றிப் பேசுவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் ஊர் ஊராகக் குளங்கள் உடைந்தன. ஒரு குளம் உடைந்தால் அடுத்த குளத்துக்குத் தாங்காது, சங்கிலி அப்படி. வடக்கே ஏரி, மதுரைப் பக்கம் கண்மாய், தாமிரபரணிப் பக்கம் குளம். நிரம்பி வழிந்தால் ஓர் ஊரில் கோடி போகிறது, இன்னோர் ஊரில் மறுகால் பாய்கிறது. உறுப்புகள் ஒன்றுதான்: வரத்து வாய்க்கால், கரை, மடை (பாசனத்துக்குத் திறக்கும் கதவு), கலங்கல் (நிரம்பிய நீர் வழியும் தாழ்வான சுவர்), உபரிநீர் ஓடை. கெட்டுப்போவதும் பெரும்பாலும் கலங்கலிலிருந்தும் அதன் கீழ் ஓடையிலிருந்தும்தான்.

நூறு அடி நீளக் கலங்கலில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை மூன்றால் பெருக்கி, அதை 2.83-ஆல் பெருக்க வேண்டும் (இரண்டை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது 2.83). விநாடிக்குக் கிட்டத்தட்ட 850 கன அடி. அதன் கீழே அரை மைலில் புதிதாகத் தார்ச்சாலை போட்டு, மூன்றடி விட்டத்தில் இரண்டு குழாய் பதித்திருப்பார்கள். ஒரு குழாய் நல்ல வேகத்தில் ஓடினாலும் 45 கன அடி. இரண்டும் சேர்ந்து 90. மீதி 760 கன அடி எங்கே போகும்? சாலையின் மேல் ஏறும், இல்லை பக்கத்து வயலிலும் தெருவிலும் பரவும். அந்தச் சாலை அடுத்த மழைக்குள் அரித்துப்போகும், திரும்ப அதே இரண்டு குழாயோடு போடுவார்கள். இந்த ஒரு பக்கக் கணக்கை மதிப்பீடு தயாராகும் முன்பே உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்தால் குழாய்க்குப் பதில் பெட்டிப் பாலம் வர வாய்ப்பு உண்டு. டெண்டர் விட்ட பிறகு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்.

பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். மழை ஓயும் தை மாதத்தை ஒட்டி அவற்றின் இடையில் களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்துக் கூடுதலாக நீர் தேக்குவது பழைய வழக்கம். ஐப்பசியிலேயே அடைத்தால் வழிகிற தண்ணீர் கரையைத் தேடிப் போகும். இப்போது அதைவிடக் கெடுதல் ஒன்று இருக்கிறது. மீன் குத்தகை எடுத்தவர் மீன் தப்பாமல் இருக்கக் கலங்கலின் குறுக்கே வலை கட்டுவார். ஆகாயத்தாமரையும் சருகும் வலையில் அப்பிக்கொண்டு ஒரே ராத்திரியில் அது சுவராகிவிடும். குத்தகை ஒப்பந்தத்திலேயே அக்டோபர் முதல் தேதியிலிருந்து கலங்கலில் வலை கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வரி இல்லாமல் வாய்ச்சண்டை போட்டால் அவர் பணம் கட்டியவர், நீங்கள் ஊர்வம்பு.

மடையில் பிரச்சினை பெரும்பாலும் திருகுத் தண்டில். துருப்பிடித்து இறுகியிருக்கும், திருப்பும் கைப்பிடி லஸ்கர் (மடையைத் திறந்து மூடும் பணியாளர்) வீட்டில் இருக்கும், அவர் பொறுப்பில் இன்னும் பல ஏரிகள் இருக்கும். ஆகஸ்டில் ஒரு முறை முழுக்க ஏற்றி இறக்கி, கிரீஸ் பூசி, இரண்டாவது கைப்பிடி ஒன்றை ஊரில் வைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் வாங்கி வைப்பது பெரிய வேலை இல்லை.

கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டுவதோடு நிறுத்தினால் வேர் மக்கிக் குழலாகிவிடும். வேரோடு எடுத்துவிட்டு, அரை அடி அரை அடியாக மண் போட்டுத் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். நண்டு வளை, எலி வளைக்கும் அதே மருந்து.

மழை ராத்திரியில் கரை நடப்பவர்கள் இரண்டு பேராக, டார்ச்சும் கயிறும் வைத்துக்கொண்டு வெளிச்சரிவின் அடிவாரத்தில் நடக்க வேண்டும். பலர் கரை மேலேயே நடந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கசிவு தெரிவது அடியில்தான். தெளிந்த நீர் கசிந்தால் குச்சி நட்டு அரை மணிக்கு ஒரு முறை பார்க்கலாம். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே எல்லோரும் செய்கிற தப்பு, கசியும் வாயில் களிமண்ணை வைத்து அடைப்பது. அழுத்தம் குறையாது, இரண்டடி தள்ளி வேறு வாய் திறக்கும். வாயைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மணல் மூட்டை அடுக்கி, உள்ளே முதலில் மணல், மேலே ஜல்லி, அதன் மேல் கல் போட வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. மணலே அடித்துக்கொண்டு போகிறது என்றால் முதலில் ஜல்லி. ஏரிக்குள் அதே நேரில் சுழி தெரிந்தால் தார்ப்பாயை இறக்கி மூட்டை வைத்து அமுக்கலாம். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்கக்கூடாது.

கரை மேல் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் எத்தனை மூட்டை வேண்டும்? அடித்தளத்தில் உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம் வைத்து, மேலே போகப் போகக் குறுக்கி முக்கோணமாக அடுக்க வேண்டும். இரண்டடி உயரம், நூறு அடி நீளத்துக்கு 600 கன அடி மணல், அதாவது ஆறு யூனிட். சிமெண்ட் சாக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 0.8 கன அடி பிடிக்கும், 750 சாக்கு. முழுக்க நிரப்பினால் மூட்டை உருண்டையாகி இடைவெளி விடும், தூக்கவும் முடியாது. வாயைக் கட்டாமல் மடித்து அடியில் வைத்து, செங்கல் மாதிரி மூட்டு விலக்கி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதிக்க வேண்டும். 750 சாக்கு வெள்ளம் வந்த ராத்திரியில் எங்கும் கிடைக்காது.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் ஊர் களைத்துப்போகிறது. பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. சாலைக் குழாய் நெடுஞ்சாலைத் துறை அல்லது ஒன்றியம். ஆக்கிரமிப்பை அளந்து கொடுப்பது வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (நிலப் பதிவேடு) நகலும் வாங்கி, ஓடையைக் கடைசிவரை நடந்து, புல எண் வாரியாக ஒரு தாள் போடுங்கள்: படத்தில் எத்தனை மீட்டர் அகலம், இப்போது எத்தனை, யார் பொறுப்பு. நீர்வளத் துறை ஏரிகளின் ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அளந்து எல்லைக் கல் நடாமல் அதன் கீழ் எதுவும் நகராது, ஆகவே மனுவின் முதல் வரி அளவைக் கேட்டே இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்த மறுநாளே, மழை கழுவும் முன், சுவர்களில் நீர் நின்ற கோட்டைப் பெயிண்டால் குறித்துத் தேதி எழுதிப் படம் எடுக்க வேண்டும். செத்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும். 2022–26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. சான்று இல்லாமல் வட்டாட்சியர் விரும்பினாலும் கொடுக்க முடியாது. பயிருக்கு 33 சதவீதச் சேதம்தான் வாசல். அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடு) பயிர் ஏறியிருக்கிறதா என்று வெள்ளத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். குத்தகைக்கு உழுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிறகு தகவல் உரிமை மனு. செயற்பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. “ஏன் தாமதமாகத் திறந்தீர்கள்” என்று எழுதினால் விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதி இந்த மணியிலிருந்து இந்த மணி வரை மணிவாரியான மட்டம், வரத்து, வெளியேற்றப் பதிவேட்டின் நகல்; எந்த ஷட்டர் எத்தனை அடி, எத்தனை மணிக்கு உயர்ந்தது என்ற பதிவு; அனுப்பிய எச்சரிக்கைகளின் நகல், அனுப்பிய நேரம், பெற்றவர்; அணையின் இயக்கக் கையேடு; மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்த அறிக்கைகள்; அவசரச் செயல்திட்டம். பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு இவையெல்லாம் 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி இருக்க வேண்டியவை. ஏற்கெனவே உள்ள அணைகளுக்குச் செயல்திட்டம் தயாரிக்க அந்தச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் ஐந்தாண்டு கெடு கொடுத்தது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தியில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் ஆணையம். நகல் வந்ததும் மேலே சொன்னபடி வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழிக்கும் கணக்கை மணிவாரியாகப் போட்டுப் பாருங்கள். திறக்காத மணி நேரங்கள் தாளில் பளிச்சென்று நிற்கும்.

கிராம சபையில் “வெள்ளத் தடுப்பு நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று தீர்மானம் போடுவது காகிதத்துக்குக் கேடு. புல எண் இது, ஓடை நீளம் இத்தனை மீட்டர், படத்தில் 12 மீட்டர், இப்போது 4 மீட்டர், இந்த அலுவலகம், இந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது. அன்றைக்கே தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஓட்டுக் கேட்டு வர வேண்டியிராத அலுவலரிடம் வாய்ப்பேச்சு இன்னும் குறைவாகவே எடுபடும், தாள் எப்போதும் போல எடுபடும்.

கிராம சபை கூடும் தேதிகளையும் கணக்கில் வையுங்கள். ஜனவரி 26-இல் தீர்மானம், மார்ச் 22-இல் அளவை முடிந்ததா என்ற கேள்வி, மே 1-இல் மதிப்பீட்டு நகல். ஆகஸ்ட் 15 கடைசி. அதற்குப் பிறகு போடும் தீர்மானத்துக்கு டெண்டர் முடிந்து ஜேசிபி வரும்போது கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.